எது முதலில் உடைய வேண்டும்?

எட்டரைக் கிலோ எடை. முக்கால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். முழு வேகத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர். அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் செய்யும் ‘எக்ஸ்-மேக்ஸ்’ ரிமோட் காரின் விவரம் இது. கணக்குப் போட்டால், அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,100 ஜூல். மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்துக்கு ஏறக்குறைய 140 ஜூல்தான். பதினைந்து வேகப்பந்துகள் ஒரே நேரத்தில் கணுக்காலில் மோதுவதற்குச் சமமான ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கும் மனிதரைப் பார்த்து, “பையனுக்கு வாங்கினீங்களா?” என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பார். அவரும் ஆமாம் என்று சொல்லிவிடுவார். அதுதான் எளிது.

பெங்களூரு வைட்ஃபீல்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறவர்கள் வார நாட்களில் ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்கா பக்கமோ ஈபிஐபி தொழிற்பேட்டையிலோ கணினி முன்னால் உட்காருகிறவர்கள். ஞாயிறு விடிந்ததும், வெயில் ஏறுமுன், வீடு கட்ட இன்னும் ஆள் வராத ஏதோ ஒரு லேஅவுட்டின் செம்மண் மனையில் போய் நிற்பார்கள். ஒரு பேட்டரிக்குப் பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம் ஓடும். இரண்டாவது பேட்டரி தீர்வதற்குள் ஏதாவது ஒன்று உடையும். மிச்ச ஞாயிறு, பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆலன் கீயும் கையுமாகப் போகும். ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) கார் என்றால் ஓட்டுவது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது கழற்றி மாட்டுவது.

மால் கடையில் வாங்கும் ரிமோட் காருக்குள் ஒரே ஒரு சர்க்யூட் பலகை இருக்கும். ரிசீவர், மோட்டார் கண்ட்ரோல் எல்லாம் அதிலேயே. ஒன்று போனால் எல்லாம் போச்சு, குப்பைத் தொட்டிதான். ‘ஹாபி கிரேடு’ என்று சொல்லப்படும் கார்களில் ரிசீவர் தனி, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ தனி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஈஎஸ்சி தனி. ஒவ்வொரு பேரிங்குக்கும் பின்னுக்கும் ஒரு பாக எண் உண்டு. எண்ணைச் சொன்னால் அந்த ஒரு பாகம் மட்டும் கிடைக்கும். பழுதாகும் என்று தெரிந்தே, பழுது பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். இன்று நாம் வாங்கும் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களைப் பற்றி இப்படிச் சொல்லிவிட முடியாது.

வட்ட வீதி ஊர்

1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர்கள் பயிர் செய்து பிழைப்பதற்காக 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதற்கு முன்னின்றவர் டி.எஸ். ஒயிட். அவர் பெயரால் எழுந்த வைட்ஃபீல்ட் குடியிருப்பில் வீதியை வட்டமாகப் போட்டார்கள். இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள் என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ஓட்ட இடம் தேடி அலையும் ஆர்சிக்காரர் அந்த வரைபடத்தைப் பார்த்தால் வயிறு எரியும். ரேஸ் டிராக் மாதிரியே இருக்கிறது. இன்றைக்கு அதைச் சுற்றி ஒரு சைக்கிள் பிரேக் பிடிக்காமல் போய்வந்தால் பெரிய விஷயம்.

பண்ணை ஊர் தொழில்நுட்ப ஊர் ஆனது கடந்த முப்பது ஆண்டுகளில். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜான் எஃப். வெல்ச் ஆய்வு மையம் 2000-ல் இங்கே வந்தது. சாப் லேப்ஸ் இருக்கிறது. மெர்சிடிஸ்-பென்ஸுக்கு ஜெர்மனிக்கு வெளியே உள்ள மிகப் பெரிய ஆராய்ச்சி மையமும் வைட்ஃபீல்டில்தான். 2023 மார்ச்சில் காடுகோடி வரை மெட்ரோவும் வந்துவிட்டது. ஜெட் எஞ்சின் பிளேடுகளையும் சொகுசு கார்களின் பிரேக்குகளையும் பற்றி யோசிக்கிறவர்கள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஊர், அவர்களில் பலர் அந்த பிளேடையோ பிரேக்கையோ கையால் தொட வாய்ப்பில்லாத ஊரும்கூட. வேலை முழுக்கத் திரையில். சிமுலேஷனில் உடையும் பாகத்தால் யாருக்கும் கை கறுக்காது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களில், மாணவப் பருவத்தில் கை கறுத்தவர்களும் இருக்கிறார்கள். மாணவர்கள் வாகனம் கட்டிப் பங்கேற்கும், எஸ்ஏஇ இந்தியா அமைப்பின் ‘பாஹா’ போட்டி 2007-ல் பீதம்பூரில் தொடங்கியது. ‘சுப்ரா’ 2011-ல் நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். அதற்காக இரவெல்லாம் குழாய் வெட்டி, வெல்டிங் பிடித்து, வாகனம் கட்டியவர்களுக்கு வேலை கிடைத்தபின் கிடைத்தது லேப்டாப். விட்டுப்போன அந்த வேலையைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோவையில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார்களை உள்ளூரிலேயே கட்டினாரே, அந்தப் பரம்பரையில் ஒரு கடைக்குட்டிக் கிளை என்று இதைச் சொன்னால் ரேஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக

காரை ‘மோட்’ செய்வது என்றால் என்ன? புதிதாக வந்தவர் சொல்லும் பதில்: வேகத்தைக் கூட்டுவது. அதைச் செய்வது ரொம்பச் சுலபம். சக்தி மிகுந்த கார்களில் இன்று இருப்பவை பிரஷ்லெஸ் மோட்டார்கள். அவற்றின் மேல் ‘கேவி’ என்று ஒரு எண் இருக்கும். ஒரு வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அது. அர்மா நிறுவனத்தின் ‘கிரேட்டன் 6எஸ்’ காரில் இருப்பது 2,050 கேவி. நான்கு செல் லிப்போ பேட்டரியின் 14.8 வோல்ட்டில் அது 30,000 சுற்றைத் தாண்டும். ஆறு செல்லின் 22.2 வோல்ட்டில் 45,000-க்கு மேல். பேட்டரியை மாற்றினால் போதும், வேகம் ஒன்றரை மடங்கு.

காற்று அப்படிச் சும்மா விட்டுவிடாது. அதன் எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனமடங்காக ஏறும். ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு சக்தி வேண்டும். ஈஎஸ்சி 150 ஆம்பியர் விட்டால் 22 வோல்ட்டில் அது மூவாயிரம் வாட்டுக்கு மேல்; நான்கு குதிரைத்திறன். அது மோட்டாரிலிருந்து பினியன் என்ற சிறு பல்சக்கரத்துக்கும், அங்கிருந்து ஸ்பர் கியருக்கும், நடு டிஃபரன்ஷியலுக்கும், டிரைவ் ஷாஃப்ட்டுக்கும், முன்பின் டிஃபரன்ஷியல்களுக்கும், ஆக்ஸிலுக்கும், சக்கரத்துக்கும், கடைசியில் டயர் வழியாக மண்ணுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே வலு குறைவோ அங்கே அறுகிறது.

முதலில் ஸ்பர் கியரின் பல் வழித்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இரும்பில் போடுவார்கள். அடுத்த வாரம் டிஃபரன்ஷியலுக்குள் பெவல் கியர் நொறுங்கும். அதையும் பலப்படுத்தினால் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். தடித்த ஷாஃப்ட் போட்டால் டிஃபரன்ஷியலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூடு பிளக்கும். எல்லாவற்றையும் மாற்றி முடித்தபோது காரின் விலைக்கு இணையாகச் செலவாகியிருக்கும், எடை அரைக் கிலோ கூடியிருக்கும், அந்த எடையால் சஸ்பென்ஷன் ஆர்ம் உடையும். பலவீனம் ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. ஓரிரண்டு வருடம் காசைக் கரைத்தபின் கை பழகியவர் கேட்கும் கேள்வி வேறு: எது முதலில் உடைந்தால் எனக்குச் சௌகரியம்?

இதற்கு நல்ல உதாரணம் அந்த ஆர்ம்தான். காருடன் வருவது நைலான் கலந்த பிளாஸ்டிக். இணையக் கடைகளில் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும் அலுமினிய ஆர்ம்கள் ஆசை காட்டும். பார்க்க அழகு. ஆனால் கார் நடைபாதைக் கல்லில் பக்கவாட்டாக மோதும்போது பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து கொடுத்துத் தன் நிலைக்குத் திரும்பும். அடி மிஞ்சினால் உடையும். நான்கு திருகு, கால் மணி நேரம், வேலை முடிந்தது. அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாமல் நின்றால் இன்னும் மோசம்: அடியை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். ஹிஞ்ச் பின் கோணும், பல்க்ஹெட் விரியும், சில சமயம் சேஸியே நெளியும். மாற்ற விலை குறைவான, கழற்ற எளிதான பாகம் முதலில் போகட்டும் என்று விடுவதுதான் கைதேர்ந்த மோட். அலமாரியில் அழகுக்கு நிற்கும் காருக்கு அலுமினியம் போடலாம், நான் ஆட்சேபிக்கவில்லை.

காரைச் செய்தவர்களே இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் சர்வோ சேவர் என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு இருக்கும். சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்பிரிங் விலகி, சர்வோவின் பல்லைக் காப்பாற்றும். சில கார்களில் ஸ்லிப்பர் கிளட்ச். தாண்டிக் குதித்து இறங்கும்போது சுற்றும் சக்கரம் சட்டென்று தரையைப் பிடித்தால், அந்த அதிர்ச்சி கியருக்குப் போகாமல் கிளட்ச் வழுக்கிக் கொடுக்கும். புதியவர் முதல் வேலையாக இரண்டையும் இறுக்கிவிடுவார். “லூஸா இருக்கு” என்பார்.

பினியனை மாற்றுவது இன்னொரு ஆசை. 15 பல்லுக்குப் பதில் 16 போட்டால் வேகம் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடும். மோட்டாரின் சூடு அதைவிட வேகமாக ஏறும். ஆகவே ஓட்டுகிறவர்களின் சட்டைப் பையில் ஒரு டெம்பரேச்சர் கன் இருக்கும். மூன்று நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மோட்டாரில் அடித்துப் பார்ப்பார்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அந்தப் பினியன் கழற்றப்படும். மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் சூட்டில் வலுவிழந்தால் ஆறியபின் முழுசாகத் திரும்பி வராது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. காருக்குக் காற்றெதிர்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறிக்கும் அதே நஷ்டம். இதமான ஊர்தானே என்று நம்பி ஓட்டினால் மோட்டார் பாடம் சொல்லும்.

டயரைப் பற்றி ஒரு கணக்கு. எக்ஸ்-மேக்ஸ் காரின் டயர் பெரிது. சிறிய காருக்கு 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராம் ரப்பரும் தன் எடையைப்போல 670 மடங்கு விசையோடு வெளியே இழுக்கப்படுகிறது. டயர் பலூனாக ஊதுவது அதனால்தான். ரிம்மோடு ஒட்டிய பசை ஓரிடத்தில் விட்டுப்போனாலும் டயர் கிழிந்து பறக்கும். ஆகவே புது டயர் வாங்கினாலும் அதன் ஓரத்தைப் பிதுக்கிப் பார்த்து, இடைவெளி தெரிந்த இடமெல்லாம் ஃபெவிக்விக் விடுவது வழக்கம். உள்ளே நாடா வைத்துத் தைத்த ‘பெல்டட்’ டயர்கள் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

செம்மண்

உலகமெங்கும் உள்ள பராமரிப்புக் குறிப்புகள் வைட்ஃபீல்டுக்கு அப்படியே பொருந்தாது. இங்குள்ள எதிரி செம்மண். உலர்ந்தால் மாவாகப் பறக்கும், எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டும், ஒட்டி அரைக்கும். கியருக்குள் வெளிப்படையாகக் கிரீஸ் பூசினால் மண்ணும் கிரீஸும் சேர்ந்து பல்லைத் தேய்க்கும் பசையாகிவிடும். ஆகவே திறந்திருக்கும் பினியனையும் ஸ்பரையும் காயவிட்டுவிட வேண்டும். மூடிய டிஃபரன்ஷியலுக்குள் மட்டும் எண்ணெய்.

ஓட்டி முடித்து வந்ததும் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் ஆசையை அடக்க வேண்டும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, காற்றூதியால் ஊதுவது முதல் வேலை. பிறகு நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்ப்பது. நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்கும். மண் புகுந்தது நறநறக்கும். பேரிங்கின் ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினால் இன்னும் ஒரு மாதம் வரும். மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஓட்டியிருந்தால் அன்றிரவே இதைச் செய்தாக வேண்டும். பெட்டியில் ‘வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருப்பது மின்னணுப் பாகங்களுக்கு மட்டும். பேரிங் காலையில் துருப்பிடித்திருக்கும்.

திருகுகள் இரண்டு வகை. பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகை இறுக்கமாகும்வரை முடுக்கி நிறுத்த வேண்டும். உலோகத்துக்குள் போகும் திருகுக்கு நீல நிற திரெட்லாக் ஒரு பொட்டு கட்டாயம்; இல்லாவிட்டால் மோட்டாரின் அதிர்விலேயே கழன்றுவிடும். பினியனைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ கழன்றுபோய், “மோட்டார் செத்துடுச்சு” என்று புது மோட்டார் தேடியவர்கள் உண்டு. பினியனும் ஸ்பரும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுத்தாளைச் சுற்றிவிட்டு, மோட்டாரைத் தள்ளி இறுக்கி, தாளை உருவிவிடுவது. தாள் மடிப்பு மடிப்பாகக் கிழியாமல் வந்தால் சரி.

டிஃபரன்ஷியல் எண்ணெய்தான் இந்தப் பொழுதுபோக்கின் சமையல் கலை. சிலிகான் எண்ணெய், அதன் தடிப்பை சென்டிஸ்டோக் என்ற அளவில் சொல்வார்கள். முன் டிஃபரன்ஷியலுக்குப் பத்தாயிரம், நடுவில் முப்பதாயிரம் என்று ஆளுக்கொரு கைப்பக்குவம். நடுவில் தடிப்பைக் கூட்டினால் முன்சக்கரங்கள் வீணாகச் சுற்றி ஊதுவது குறையும், பின்சக்கரத்துக்குச் சக்தி போகும். ரொம்பக் கூட்டினால் கார் எடுத்த எடுப்பில் தலைகீழாக நிமிரும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் நிரப்பும்போது, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, குமிழி அடங்கும்வரை காத்திருந்து மூட வேண்டும். குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் ஷாக் உளறும். இந்தக் காத்திருப்பு, ‘ஸ்பிரின்ட்’ கணக்கில் வாழும் ஊரில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்கும் அபூர்வமான வேலை.

மேலே இருக்கும் பாடி பாலிகார்பனேட். உட்புறத்தில்தான் பெயின்ட் அடிப்பார்கள், கீறல் விழாமல் இருக்க. அது விரிசல் விடும்முன், சுவர் வெடிப்புக்கு ஒட்டும் வலைநாடாவை உள்ளே பதித்து, வளைந்து கொடுக்கும் பசையைப் பூசிவிட்டால் பாடியின் ஆயுள் பல மடங்கு. ஹார்டுவேர் கடையில் வலைநாடா வாங்கப்போனால் “எத்தனை சுவர் சார்?” என்று கேட்பார்கள்.

பால்கனியில் ஒரு இரும்புப் பெட்டி

விளையாட்டாக எழுத முடியாத பகுதி இது. லித்தியம் பாலிமர், சுருக்கமாக லிப்போ. ஒரு செல்லின் முழு மின்னழுத்தம் 4.2 வோல்ட். மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெடும். முழுசாக சார்ஜ் செய்து வாரக்கணக்கில் வைத்தாலும் கெடும். உள்ளே வாயு சேர்ந்து பை உப்பும். உப்பிய பேட்டரி போதுமான எச்சரிக்கை கொடுத்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் அதற்கு ‘ஸ்டோரேஜ்’ என்றே ஒரு நிலை இருக்கிறது. 5,000 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பான பழக்கம். பேட்டரி மேல் அச்சடித்திருக்கும் ‘சி’ எண் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதைச் சொல்வதாகப் பெயர். 50சி என்றால் 250 ஆம்பியர் என்று கணக்கு. அதில் பாதியை நம்பினால் போதும் என்பது என் கட்சி.

அடிபட்டோ அதிகமாக சார்ஜ் ஆகியோ ஒரு செல் சூடேறத் தொடங்கினால், அந்தச் சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டும். உள்ளே இருக்கும் கரைப்பான் எரியக்கூடியது. மின்முனைகளில் ஒன்று சூட்டில் ஆக்சிஜனையும் விடும். மூடி அணைக்கலாம் என்பது அதனால்தான் பலிப்பதில்லை. பன்னிரண்டாவது மாடி ஃபிளாட்டில், வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரிக்குள் பேட்டரி வைப்பவர், தீப்பிடித்தால் தான் வெளியேறும் ஒரே வழியில் அதை வைத்திருக்கிறார். பால்கனியின் டைல்ஸ் தரை, திரைச்சீலை எட்டாத மூலை, பழைய டிரங்குப் பெட்டி மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. ஆனால் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும், இறுக மூடினால் அதுவே குண்டு. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். மணல் தீயை அணைக்காவிட்டாலும் பரவாமல் பிடித்துவைக்கும்.

தீர்ந்துபோன பேட்டரியை என்ன செய்வது? மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் தலையில் வைக்கின்றன. அமெரிக்காவிலிருந்து நண்பரின் கைப்பையில் வந்த பேட்டரிக்கு யார் இறக்குமதியாளர்? அதை முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, முனைகளை டேப்பால் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் நேரில் கொடுப்பதுதான் இப்போதைக்கு வழி. வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை வண்டியில் அது நசுங்கும். அங்கே நிற்கும் பௌரகார்மிகர் (துப்புரவுத் தொழிலாளர்) பெண்மணிக்கு அது என்னவென்று தெரியாது.

கைப்பை என்றதும் இன்னொரு கணக்கு. தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில் மட்டுமே வரலாம். 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. நான்கு செல், 5,000 மில்லிஆம்பியர்-அவர் என்றால் 74 வாட்-அவர். ஆறு செல் என்றால் 111. “வரும்போது ஒரு 6எஸ் வாங்கிட்டு வாப்பா” என்று நண்பரிடம் சொல்லுமுன் இதையும் சொல்லிவிடுவது நட்புக்கு நல்லது.

எழுபது சதவீதம்

நண்பர்களை நம்பியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த ஆணை பொம்மை என்று சொல்வது 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருளை. நான்கு குதிரைத்திறன் கொண்ட காரைப் பொம்மை வரிசையில் நிறுத்தினால் 70 சதவீதம் கட்ட வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் லிஃப்டில் கேட்ட கேள்வியைச் சுங்க அதிகாரியும் கேட்டால் சிரித்துவிட்டு வர முடியாது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி என்பது சரிதான். இந்த வகைக் கார்களை இங்கே யாரும் பெருமளவில் செய்யவில்லை என்பதும் சரிதான்.

ஆகவே கைவேலை. எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சாதர் பத்ரப்பா சாலையில் எக்ஸ்டி90 கனெக்டரும், சூட்டில் இறுகாத சிலிகான் ஒயரும், சின்ன விசிறியும் கிடைக்கும். பீன்யா தொழிற்பேட்டையின் சிறு சிஎன்சி பட்டறைகளில், வரைபடம் கொடுத்தால் சேஸித் தகடு வெட்டித் தருவார்கள். ஒன்றே ஒன்று என்றால் முகம் சுளிப்பார்கள். இப்போது வீட்டிலேயே திரீடி பிரின்டர். முன் பம்பரை வளையும் டிபியூவில் அடித்துக்கொள்ளலாம். மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த பாகத்தை வெயிலில் நிறுத்திய மாருதியின் டிக்கியில் விட்டால், 60 டிகிரி வாக்கில் அது இளகி வேறு உருவத்தில் கிடைக்கும்.

இந்த விளையாட்டே வீட்டு மேசையில் பிறந்ததுதான். 1966-ல் இத்தாலியின் எல்ஜி நிறுவனம் ஒரு ஃபெராரி 250 எல்எம் மாதிரியை ரேடியோவில் ஓட்டிக் காட்டியது. 1976-ல் ஜப்பானின் தமியா, போர்ஷே 934 காரைப் பிரித்து மாட்டும் கிட்டாக விற்றபோது அது மத்தியதர வீடுகளுக்குள் புகுந்தது. 1984-ல் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10, அலுமினிய சேஸியோடு வந்து மண்தரைப் பந்தயத்தை மாற்றியது. மறுவருடமே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் மின்கார் ஆஃப்ரோடு உலகப்போட்டி. 2014 அக்டோபரில் அமெரிக்கர் நிக் கேஸ், தான் கட்டிய காரை யூட்டாவில் மணிக்கு 325.12 கிலோமீட்டரில் ஓட்டி கின்னஸில் ஏறினார்.

நமக்கு அந்த வேகத்துக்கு ரோடு கிடையாது. வேண்டவும் வேண்டாம். வைட்ஃபீல்டில் தட்டுப்பாடு நிலத்துக்குத்தான். போன வருடம் ஓட்டிய மனையில் இந்த வருடம் அடித்தளம் எழும்பியிருக்கும். அபார்ட்மென்ட் வளாகத்தில் சங்கம் விடாது. விடாததில் நியாயம் இருக்கிறது, 2,100 ஜூல் கணக்கை அவர்கள் போடாவிட்டாலும். பொதுச் சாலை கூடவே கூடாது. தெருநாய்கள் துரத்தும், அவை பாவம். டிரான்ஸ்மிட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005-லேயே திறந்துவிட்டார்கள். 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் காலத்தில் ஒரே சேனலில் இருவர் வந்தால் ஒருவர் காரை மற்றவர் ஓட்டுவார். அந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ‘ஃபெயில்சேஃப்’ ஒன்றை அமைத்தே தீர வேண்டும். சிக்னல் அறுந்தால் கார் பிரேக் பிடித்து நிற்க வேண்டுமே தவிர, கடைசிக் கட்டளையை நிறைவேற்றிக்கொண்டு ஓடக்கூடாது. ஓட்டுமுன் சக்கரம் தரையைத் தொடாமல் காரைத் தூக்கிவைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடங்க நினைப்பவர்கள் எக்ஸ்-மேக்ஸில் தொடங்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு அளவில், மூன்று செல் தாங்கும் கார் ஒன்றை வாங்கி, முதல் மாதம் இரண்டு செல்லில் ஓட்டலாம். மோட்டாருக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசில் நல்ல சார்ஜரும், முனை மழுங்காத ஹெக்ஸ் டிரைவர்களும், இரண்டு ஜோடி ஆர்மும் வாங்கலாம். பழைய காராக வாங்கினால் இன்னும் சிக்கனம். வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் நிறைய இருக்கும் இடம் என்பதால் வைட்ஃபீல்டில் பழைய கார்கள் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றி டிஃபரன்ஷியலை உணர்ந்து பாருங்கள். பேட்டரி உப்பலாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்பவர் “ரெண்டு தடவைதான் சார் ஓட்டினேன்” என்பார். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். காரைக் கவிழ்த்து, அடித்தட்டில் இருக்கும் திருகுகளின் தலையைப் பாருங்கள். அறுகோணம் வட்டமாகியிருந்தால், பேசிய விலையில் கால்வாசி குறைத்துக் கேளுங்கள்.